செயல்பாட்டுவாதம்: 'ஏ.ஐ.க்கு வலிக்குமா' என்ற சண்டைக்கு அடியில் கிடக்கும் கோட்பாடு

ஏதோ ஒரு சாட்பாட் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னதாகச் செய்தி வந்தால் போதும், இரண்டு கட்சி கிளம்பிவிடும். "பாவம், அதுக்கும் மனசு இருக்கு" என்று ஒன்று. "கரண்டில் ஓடுகிற பெட்டிக்கு ஏதுங்க மனசு" என்று இன்னொன்று. 2022-இல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமோயின், தான் சோதித்துக்கொண்டிருந்த லாம்டா என்ற உரையாடல் நிரலுக்குத் தன்னுணர்வு வந்துவிட்டது என்று வெளியில் சொன்னார், அந்த ஜூலையிலேயே கூகுள் அவரை வேலையை விட்டு நீக்கியது. அப்போது சூடுபிடித்த வாக்குவாதம் இன்னும் ஆறவில்லை.

இந்த விவாதங்களில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நுழைந்ததும் 'ஃபங்ஷனலிசம்' என்ற பெயர் வந்து விழும். தமிழில் செயல்பாட்டுவாதம். நம் பக்கத்து வாசகர்களுக்குக் குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். கடலூரிலோ புதுச்சேரியிலோ பி.எட். படித்தவர்கள், ஆசிரியர் தகுதித் தேர்வுக்காகக் கல்வி உளவியலை உருப்போட்டவர்கள், இந்தப் பெயரை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி, சிகாகோ என்று ஒரு பத்தி, அதில் ஒரு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். அது நூறு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம் ஆயிற்றே, அதற்கும் சாட்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பிரித்துப் பார்க்கலாம். பார்த்து முடிக்கும்போது மேலே சொன்ன இரண்டு கட்சியுமே அவசரப்படுவது தெரியும்.

ஒரே பெயர், இரண்டு கேள்வி

1. உளவியலில் வந்த செயல்பாட்டுவாதம் (ஏறத்தாழ 1890 முதல் 1910கள் வரை, அமெரிக்காவில்) கேட்டது: மனம் ஓர் உயிருக்கு எதற்குப் பயன்படுகிறது?

2. மனத் தத்துவத்தில் வந்த செயல்பாட்டுவாதம் (1960கள் முதல்) கேட்பது: ஒரு மன நிகழ்வை 'வலி' என்றோ 'நம்பிக்கை' என்றோ ஆக்குவது எது?

முதல் கேள்வி பயனைப் பற்றியது. இரண்டாவது கேள்வி அடையாளத்தைப் பற்றியது. இந்த வித்தியாசத்தை நழுவவிட்டால் அப்புறம் எல்லாமே குழம்பும். சமூகவியலிலும் கட்டடக் கலையிலும் இதே பெயரில் கோட்பாடுகள் உண்டு, அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

சிகாகோக்காரர்கள் எதை எதிர்த்தார்கள்

1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வகம் தொடங்கினார். அவரிடம் படித்த எட்வர்ட் டிச்சனர் என்ற ஆங்கிலேயர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஆசானைவிடக் கடுமையான ஒரு வழியைப் பிடித்துக்கொண்டார். வேதியியலில் தனிமங்கள் இருப்பதுபோல மனதுக்கும் தனிமங்கள் இருக்கும், பயிற்சி பெற்ற ஆட்களை உட்காரவைத்துத் தங்கள் அனுபவத்தை உள்நோக்கிக் கவனித்துச் சொல்ல வைத்தால் அவற்றைப் பட்டியல் போட்டுவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. இதற்குப் பெயர் அமைப்புவாதம். மேசைமேல் ஆப்பிள் இருந்தால் "ஆப்பிள் தெரிகிறது" என்று சொல்லக்கூடாது, அது தவறு. "சிவப்பு, இவ்வளவு பிரகாசம், இந்த வடிவம்" என்றுதான் சொல்லவேண்டும். இப்படியே போய் 44,000-க்கும் மேற்பட்ட புலனுணர்வுத் தனிமங்கள் இருப்பதாகக் கணக்கும் கொடுத்தார்.

சரி, பட்டியல் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கேள்வியில்தான் எதிர்ப்பு பிறந்தது. டார்வின் 1859-இல் எழுதியதைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு, ஓர் உறுப்பு ஏன் இருக்கிறது என்று கேட்பது இயல்பாக வந்தது. அதே கேள்வியை மனதிடமும் கேட்டார்கள். வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட இரண்டு தொகுதி உளவியல் நூலில், எண்ணம் துண்டு துண்டான தனிமங்களின் கோவையாக வருவதில்லை, ஆறுபோல ஓடுகிறது என்றார். 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் டூயி எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. அதில் ஒரு குழந்தையும் ஒரு மெழுகுவத்தியும். குழந்தை சுடரைப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சுட்டதும் இழுத்துக்கொள்கிறது. அன்றைய பாடநூல் இதைத் தூண்டல், துலங்கல் என்று வெட்டி வைத்தது. டூயி ஒத்துக்கொள்ளவில்லை. பார்ப்பதே ஒரு செயல். சுட்டபிறகு அந்தக் குழந்தை அடுத்த முறை பார்க்கும் சுடர் பழைய சுடர் இல்லை, 'தொட்டால் சுடும்' சுடர். எது தூண்டல், எது துலங்கல் என்பது அந்த முழுச் சுற்றில் அது செய்யும் வேலையால்தான் தீர்மானமாகிறது என்றார். இந்த வரியை நினைவில் வையுங்கள். அறுபது எழுபது வருஷம் கழித்து தத்துவத்தில் வரப்போவதன் வாடை இதில் அப்போதே அடிக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை, 'செயல்பாட்டு உளவியல்' என்று இதைத் தனியாகப் பிரித்துப் பேசி அந்தப் பெயரை நிலைக்க வைத்தது எதிராளியான டிச்சனர், 1898-இல். சிகாகோக்காரர்கள் அந்தப் பெயரையே எடுத்து மாட்டிக்கொண்டார்கள். 1907-இல் அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ரோலண்ட் ஏஞ்சல் இந்தப் போக்கின் அடையாளங்களை மூன்றாகச் சொன்னார், சுருக்கம் இது:

1. மனதின் சரக்குகளை எண்ணுவதைவிட, மனம் எப்படி, எதற்காக இயங்குகிறது என்று பார்ப்பது.
2. உயிரின் தேவைக்கும் சூழலுக்கும் நடுவே பிரக்ஞை (விழிப்புள்ள அனுபவம்) செய்யும் வேலையைப் பார்ப்பது.
3. மனதையும் உடலையும் சேர்த்தே பார்ப்பது.

ஒரு பள்ளியாக இது நீண்டநாள் நிற்கவில்லை. ஏஞ்சலின் மாணவரான ஜான் வாட்சனே 1913-இல் "பிரக்ஞையே வேண்டாம், நடத்தையை மட்டும் அளப்போம்" என்று நடத்தைவாதத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டார். ஆனாலும் கல்வி உளவியல், திறன் சோதனை, கற்றல் ஆய்வு என்று இன்றைக்குப் பயன்பாட்டு உளவியல் நிற்கும் தரையில் பெரும்பகுதி இவர்கள் சமன்செய்து கொடுத்தது. பி.எட். பாடத்தில் இவர்கள் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

தத்துவத்தில் அதற்குமுன் இருந்த பதில்கள்

'வலி என்பது என்ன?' இதற்கு 1960 வரை புழங்கிய பதில்களை வேகமாகப் பார்த்துவிடலாம்.

1. இருமைவாதம். உடல் ஒன்று, மனம் வேறொன்று. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேகார்ட் சொன்னது. 1643-இல் பொஹீமியா இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதி, இடத்தை அடைக்காத ஆன்மா இடத்தை அடைக்கும் உடலை எப்படித் தள்ளுகிறது என்று கேட்டார். திருப்தியான பதில் எலிசபெத்துக்குக் கிடைக்கவில்லை, நமக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

2. நடத்தைவாதம். வலி என்றால் முகம் சுளிப்பது, அலறுவது, அப்படிச் செய்ய வாய்ப்பிருப்பது. உள்ளே என்ன என்று கேட்காதே. இதன் சிக்கல் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: வலியைப் பல்லைக் கடித்து மறைக்கலாம், வலிக்காமலே நடிக்கலாம்.

3. மூளையும் மனமும் ஒன்றே என்ற கோட்பாடு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒன்றாக வேலை பார்த்த யூ. டி. பிளேஸ் 1956-இலும் ஜே. ஜே. சி. ஸ்மார்ட் 1959-இலும் எழுதியது. மின்னல் என்பது மின்வெளியேற்றம்தான் என்பதுபோல, வலி என்பது மூளையில் நடக்கும் ஒரு குறிப்பிட்ட நிகழ்வுதான்.

சடத்திலிருந்து உணர்வு வரும் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. மணிமேகலையில் சமயக் கணக்கர்களின் வாதத்தைக் கேட்கும் இடத்தில் வரும் பூதவாதி, தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் சேர்த்தால் கள்ளின் மயக்கம் பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும் என்கிறான். அவன் பேச்சில் முக்கியம் கலவை, அதாவது என்ன பொருள் சேர்ந்தது என்பது. ஸ்மார்ட் நிற்பதும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். செயல்பாட்டுவாதம் இவர்கள் இருவரையும் விட்டு விலகும் இடம் அடுத்து வருகிறது.

துறைமுகத்தில் ஏறும் கூண்டு

வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். எண் 1-இலிருந்து 11 வரை. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இரண்டையும் பார்த்த நமக்கு இந்த எண்களைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பகலில் அது கூம்பும் உருளையுமாகத் தொங்கும். இரவில் அதே எண் சிவப்பு, வெள்ளை விளக்குகளாக எரியும். இரும்புச் சட்டத்துக்கும் மின்விளக்குக்கும் பொருளளவில் ஒரு ஒற்றுமையும் கிடையாது. இருந்தும் "நேற்று ராத்திரி 3 ஏற்றினாங்க, இன்னும் அதே 3 தான்" என்று மீனவர் சொன்னால் அது சரியான பேச்சு.

அது '3' என்று ஆவது எதனால்?

1. அதை வரவைப்பது: வானிலை மையத்தின் எச்சரிக்கை.
2. அது விளைவிப்பது: படகு கடலுக்குப் போகாது, போனது திரும்பும்.
3. மற்ற எண்களோடு அதற்குள்ள உறவு: 1, 2 தொலைவில் நடப்பதைச் சொல்கின்றன, 5-இலிருந்து அபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இந்த வரிசைக்குள் வைத்துத்தான் 3-க்கு ஒரு இடம்.

இந்த மூன்றையும் சேர்த்து அதன் 'பாத்திரம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். மனத் தத்துவத்தில் செயல்பாட்டுவாதம் சொல்வது இவ்வளவுதான்: மன நிகழ்வுகளும் இந்த மாதிரியானவை. வலியை வலியாக ஆக்குவது அது எதனால் ஆனது என்பதில்லை. எது அதை வரவைக்கிறது, அது எதை விளைவிக்கிறது, மற்ற மன நிகழ்வுகளோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்ற பாத்திரம்தான்.

கெளுத்தி முள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலையிலிருந்து கொட்டிய மீனைத் தரம் பிரிக்கும் ஓர் அம்மாவின் கையில் கெளுத்தி முள் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன நடக்கிறது? சதை கிழிகிறது, விஷம் கொஞ்சம் ஏறுகிறது. கை தன்னால் பின்னுக்கு வருகிறது. "என்னக்கா, முள்ளு ஏறிடுச்சா?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்பதற்குள் அவர் விரலை அழுத்தி ரத்தத்தைப் பிதுக்குகிறார். இதுவரை மனதில் ஓடிக்கொண்டிருந்த ஏலக் கணக்கு அறுந்துபோகிறது. 'இது நிற்கணும்' என்ற ஆசை எழுகிறது. பொறுக்கிற சூட்டில் சுடுதண்ணீரில் கையை விட்டால் குறையும் என்ற பழைய நம்பிக்கையோடு அந்த ஆசை சேர்ந்ததும் டீக்கடைப் பக்கம் கால் நடக்கிறது. அடுத்த கூடையில் கெளுத்தியைக் கண்டதும் கை தயங்குகிறது.

ஆனால் ஏலம் முடிய இன்னும் இரண்டே கூடை, இப்போது நகர்ந்தால் நஷ்டம் என்றால்? அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் பிரித்து முடிப்பார். வெளியே நடத்தை எதுவும் இல்லை. நடத்தைவாதி இங்கே மாட்டிக்கொள்வார், செயல்பாட்டுவாதி மாட்டமாட்டார். ஏனென்றால் அவருடைய வரையறையில் உள்ளே நடக்கும் இழுபறியும், அதாவது 'நிற்கணும்' என்ற ஆசையைப் பணத்தேவை அமுக்குவதும், வலியின் பாத்திரத்தில் சேர்த்தி. இரண்டு கோட்பாட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். இணையத்தில் நடக்கும் முக்கால்வாசிச் சண்டையில் இந்த வேறுபாடு காணாமல் போகிறது என்பதால்தான் முள்ளைப் பற்றி இவ்வளவு நீட்டினேன்.

ஆக்டோபஸுக்கு வலித்தால்?

இந்தக் கோட்பாட்டுக்கு 1960களில் உருவம் கொடுத்தவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஹிலரி புட்னம். அவருடைய 1967 கட்டுரையின் வாதம் எளிமையானது. மூளையும் மனமும் ஒன்றே என்ற கோட்பாடு சரியென்றால், வலி உணரும் எல்லா உயிரினத்திலும் ஒரே மாதிரியான உடல் நிகழ்வு நடந்தாகவேண்டும். பாலூட்டி, ஊர்வன, ஆக்டோபஸ், இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக அப்படியொன்று இருக்கும் என்று பந்தயம் கட்டுவீர்களா?

ஆக்டோபஸ் சும்மா எடுத்த உதாரணமில்லை. நம் சந்தையில் விற்கும் கணவாயின் உறவுக்காரன். அதற்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. அதன் பரம்பரையும் நம் பரம்பரையும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நரம்பு அமைப்பு முற்றிலும் வேறு. இருந்தும், 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், நீர்த்த அசிட்டிக் அமிலம் ஊசியால் செலுத்தப்பட்ட ஆக்டோபஸ்கள், தங்களுக்கு முன்பு பிடித்திருந்த அறையையே பிறகு தவிர்த்தன. மரத்துப்போகும் மருந்து கிடைத்த அறையை நாடின. ஊசி போட்ட இடத்தை அலகால் கொத்திக்கொண்டே இருந்தன. வலி செய்யும் வேலையெல்லாம் நடக்கிறது, வேறு பொருளில்.

ஒரே பாத்திரம் பல பொருளில் நிறைவேறலாம் என்ற இந்தக் கருத்தைப் 'பல்வழி நிறைவேற்றம்' என்கிறார்கள். சிலிக்கானுக்குக் கதவு திறப்பது இங்கேதான். கொள்கையளவில் மட்டும்.

உட்பிரிவுகளும் உண்டு. புட்னம் முதலில் மனதை, ஆலன் டூரிங் 1936-இல் விவரித்த கணிப்பு எந்திரத்தின் நிலைகளோடு ஒப்பிட்டார். இன்னொரு தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் கணினியைத் தொடாமல், 'வலி என்றால் இது இதனால் வரும், இது இதைச் செய்யும்' என்று நாம் அன்றாடம் பேசுவதையே தொகுத்து வரையறை ஆக்கலாம் என்றார். அந்த வேலையைச் செய்யும் பொருள் மனிதருக்கு நரம்பு. அவர் கற்பனை செய்த செவ்வாய்வாசிக்கோ காலில் உள்ள குழிகள் திரவத்தால் உப்புவதுதான் வலி. கல்வியாளர்களுக்கு இந்தப் பிரிவுகள் முக்கியம், நமக்கு இவ்வளவு போதும்.

எங்கே இடிக்கிறது

எதிர்ப்புகள் நிறைய. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. நாடே மூளையானால். 1978-இல் தத்துவ அறிஞர் நெட் பிளாக் கேட்டது. ஒரு மூளை செய்யும் வேலையைச் சீனாவின் அன்றைய சுமார் 100 கோடி மக்களுக்குப் பிரித்துக் கொடுப்போம். ஆளுக்கொரு வயர்லெஸ், ஒவ்வொருவரும் ஒரு நரம்பணுவைப்போல வந்த சேதியைப் பார்த்து அடுத்தவருக்குத் தட்டிவிடுகிறார், எல்லாம் சேர்ந்து ஒரு செயற்கை உடலை இயக்குகிறது. பாத்திரம் அச்சுப் பிசகாமல் நிறைவேறுகிறது. அந்த உடலில் முள் ஏறினால், 100 கோடி மனிதர்களுக்கும் மேலே, அந்த மொத்த ஏற்பாட்டுக்கு என்று தனியாக ஒரு வலி இருக்குமா? பெரும்பாலானவர்களின் உள்மனம் "இருக்காது" என்கிறது. செயல்பாட்டுவாதி "ஏன் இருக்கக்கூடாது? ஒற்றை நரம்பணுவுக்கும்தான் வலி தெரியாது, நரம்பணுக்கள் சேர்ந்த உங்களுக்கு வலிக்கவில்லையா?" என்று திருப்பிக் கேட்கிறார். நல்ல பதில்தான். ஆனாலும் உறுத்தல் போவதில்லை.

2. நிறம் மாறிக் கிடந்தால். ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்ட கேள்வி. நான் சிவப்பு என்று அனுபவிப்பதை நீங்கள் பிறந்ததிலிருந்தே பச்சையாக அனுபவிக்கிறீர்கள், பச்சையைச் சிவப்பாக. இருவருமே அதைச் 'சிவப்பு' என்றுதான் கற்றுக்கொண்டோம். புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்து சிக்னலில் இருவரும் ஒரே நேரத்தில் நிற்கிறோம், ஒரே நேரத்தில் கிளம்புகிறோம். பாத்திரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, அனுபவத்தில் மட்டும் உண்டு. அப்படியொரு நிலை சாத்தியம் என்றால், பாத்திரத்தைச் சொல்லி முடித்த பிறகும் அனுபவத்தில் ஏதோ மிச்சம் இருக்கிறது என்றாகிறது. என் கணக்கில் இந்தக் கோட்பாட்டுக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

3. சீன அறை. 1980-இல் தத்துவ அறிஞர் ஜான் சியர்ல் சொன்னது. சீன மொழி தெரியாத ஒருவர் அறைக்குள் இருந்துகொண்டு, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துகளுக்குச் சீன எழுத்துகளால் பதில் எழுதித் தள்ளுகிறார். வெளியிலிருப்பவர் "உள்ளே சீனம் தெரிந்த ஆள் இருக்கிறார்" என்று நம்புகிறார். உள்ளே இருப்பவருக்கோ ஒரு சொல்லும் புரியவில்லை. ஆகவே நிரல் ஓடுவது மட்டும் புரிதல் ஆகாது. இது மிகவும் புகழ்பெற்ற வாதம், ஆனால் எனக்கு இதில் அவ்வளவு பிடிப்பில்லை. அறையில் உள்ளவர் முழு ஏற்பாட்டில் ஓர் உதிரிப்பாகம்தானே, உதிரிப்பாகத்துக்குப் புரியாததை வைத்து மொத்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. தவிர, அந்த அறைக்கு உலகத்தோடு தொடர்பே இல்லை, தாள் வருகிறது, தாள் போகிறது. பாத்திரத்தில் சூழலும் சேர்த்தி என்று சொல்லும் செயல்பாட்டுவாதியை இது நேரடியாகத் தொடுவதில்லை.

இன்னொரு செய்தி: புட்னமே பின்னாளில் இந்தக் கோட்பாட்டைக் கைவிட்டு, 1988-இல் அதற்கெதிராக ஒரு நூலே எழுதினார். சொல்லின் பொருள், நம்பிக்கையின் பொருள் எல்லாம் தலைக்குள் இருக்கும் எந்திர நிலையால் மட்டும் முடிவாவதில்லை, வெளியுலகமும் சமூகமும் அதில் கைவைத்திருக்கின்றன என்பது அவர் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று.

அடித்தளத்தையே மறுக்கும் பார்வையும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1910-இல் புதுச்சேரிக்கு வந்த ஸ்ரீ அரவிந்தர், 1914-இல் தொடங்கிய தம் இதழில் விரித்து எழுதிய பார்வையில், பிரக்ஞை என்பது சடப்பொருள் எப்படியோ அடுக்கப்பட்டதால் கிடைத்த விளைவில்லை, அதுவே அடிப்படை. பூதவாதிக்கும் இந்தப் பார்வைக்கும் நடுவில் எங்கேயோதான் செயல்பாட்டுவாதம் உட்கார்ந்திருக்கிறது: பொருள் எதுவானாலும் சரி, ஒழுங்குதான் முக்கியம் என்று.

என் மதிப்பீடு இது. நம்பிக்கை, நோக்கம், நினைவு, கவனம் போன்றவற்றுக்கு இதைவிடக் கைகொடுக்கும் கோட்பாடு கிடையாது. அறிவாற்றல் அறிவியலின் பெரும்பகுதி இதை நம்பித்தான் வண்டி ஓட்டுகிறது. வலியின் 'சுள்'ளுக்கும் சிவப்பின் சிவப்புக்கும் வரும்போது மட்டும் கை நடுங்குகிறது. 1995-இல் தத்துவ அறிஞர் டேவிட் சாமர்ஸ் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தது இந்த மிச்சத்துக்குத்தான்.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது

முதலில் மருத்துவம். காக்ளியர் இம்ப்ளாண்ட் தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்திலேயே குழந்தைகளுக்குப் பொருத்தப்படுகிறது. உள்காதின் மயிரணுக்கள் செய்யவேண்டிய வேலையை மின்முனைகள் செய்து, கேள்நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. பிள்ளை கேட்கிறது. கேட்டல் என்ற தொடரில் ஒரு கண்ணி உலோகமாக மாறியும் கேட்டல் போய்விடவில்லை. சாமர்ஸ் இதை இன்னும் இழுத்துப் பார்த்தார்: மூளையின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக, அதே வேலையைச் செய்யும் சில்லுகளாக மாற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் அனுபவம் அணையும்? அந்த இடத்தைக் காட்ட முடியாது என்பதால் அணையாது என்றே கொள்ளவேண்டும் என்பது அவர் வாதம். கடினமான சிக்கலுக்குப் பெயர் வைத்தவரே இந்த விஷயத்தில் செயல்பாட்டுவாதத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள்.

அடுத்து விலங்குகள். பிரிட்டனில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் குழு ஒன்று 2021-இல் அறிக்கை தந்தது, அடுத்த வருஷமே அங்கே விலங்குகளின் உணர்திறன் பற்றிய சட்டத்தில் நண்டு, இறால், ஆக்டோபஸ், கணவாய் எல்லாம் சேர்க்கப்பட்டன. அந்த அறிக்கையின் அளவுகோல்களைப் பார்த்தால், காயத்தைக் கவனித்துக்கொள்கிறதா, வலிக்கும் லாபத்துக்கும் இடையே எடைபோடுகிறதா, வலிநீக்கி கொடுத்தால் நடத்தை மாறுகிறதா என்று பெரும்பாலும் பாத்திரக் கேள்விகள். கடல் இறாலும் நண்டும் ஏற்றுமதியாகும் ஊர்க்காரர்கள் கவனிக்கவேண்டிய செய்தி. நாளைக்கு வாங்குகிற நாடு "எப்படிக் கொன்றீர்கள்" என்று கேட்டால் அதற்கு அடியில் இந்தத் தத்துவம் இருக்கும்.

கடைசியாகச் சாட்பாட். "எனக்கு வலிக்கிறது" என்று அது எழுதினால் செயல்பாட்டுவாதி உடனே நம்பிவிடுவாரா? மாட்டார். சினிமா படப்பிடிப்புக்காகத் துறைமுகத்தில் 7-ஆம் எண் கூண்டை ஏற்றினால் அது 7-ஆம் எண் எச்சரிக்கை ஆகிவிடாது. தோற்றம் அதேதான், ஆனால் வானிலை மையம் அனுப்பவில்லை, படகுகளும் திரும்பப் போவதில்லை. கேட்கவேண்டிய கேள்விகள் வேறு:

1. அந்த வாக்கியத்தை வரவைத்தது எது? சாட்பாட்டை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகள் மலையளவு மனித எழுத்தைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கப் பழகியவை. வலியைப் பற்றி மனிதர்கள் எழுதியது அதில் கொட்டிக் கிடக்கிறது. அந்த வாக்கியம் வர உள்ளே ஏதும் சேதமாகியிருக்கத் தேவையில்லை.

2. அது உள்ளே எதை மாற்றியது? கெளுத்தி முள் ஏறிய அம்மாவுக்கு ஏலக் கணக்கு அறுந்தது, ஆசை பிறந்தது, அடுத்த கூடையில் கை தயங்கியது. சாட்பாட்டிடம் அடுத்து "சரி, ஒரு ரசம் செய்முறை சொல்லு" என்றால் எந்தத் தடங்கலும் இல்லாமல் புளியைக் கரைக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே "அது சொல்லுது, அப்போ அதுக்கு வலிக்குது" என்பவர் பேசுவது செயல்பாட்டுவாதம் இல்லை, பழைய நடத்தைவாதம். எதிர்க்கட்சிக்கும் இதில் வசதியில்லை. "சிலிக்கான், அதனால் ஒருபோதும் முடியாது" என்பவர் ஆக்டோபஸுக்கும் காக்ளியர் இம்ப்ளாண்டுக்கும் பதில் சொல்லியாகவேண்டும். உடல் என்று ஒன்றைக் காத்துக்கொள்ளவேண்டிய, சேதத்தை உணர்ந்து தன் இலக்குகளையே மாற்றிக்கொள்ளும், அதை நினைவில் வைத்து அடுத்தமுறை தயங்கும் ஓர் எந்திரம் வந்தால், செயல்பாட்டுவாதி "இல்லை" என்று சொல்ல இடமே இருக்காது.

2023 ஆகஸ்டில் தத்துவ அறிஞர்கள், நரம்பியலாளர்கள், கணினி அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒரு பெரிய அறிக்கை, செயல்பாட்டுவாதத்தின் கணிப்பு வடிவத்தை, அதாவது சரியான கணக்கீடு நடந்தாலே பிரக்ஞைக்குப் போதும் என்பதை, வேலைக்கான அனுமானமாக வைத்துக்கொண்டு அன்றைய ஏ.ஐ. அமைப்புகளைச் சோதித்தது. முடிவு: அவற்றில் எதுவும் பிரக்ஞை கொண்டதாகத் தோன்றவில்லை, ஆனால் அந்த அடையாளங்களைக் கொண்ட அமைப்பைக் கட்டுவதற்கு வெளிப்படையான தொழில்நுட்பத் தடையும் இல்லை. அனுமானம் என்று அவர்களே சொல்லியிருப்பது முக்கியம். நரம்பியலாளர் ஜூலியோ டொனோனி 2004 முதல் வளர்த்துவரும் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு அந்த அனுமானத்தையே ஏற்பதில்லை. அதன்படி, எந்த நிரல் ஓடுகிறது என்பது பொருட்டே இல்லை, அதை ஓட்டும் வன்பொருளுக்குள் காரண காரியப் பின்னல் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. மூளையை அப்படியே நகலெடுத்த நிரலை இன்றைய சாதாரணக் கணினியில் ஓட்டினாலும் அங்கே அனுபவம் என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்காது. அந்தப் பக்கம் சரியாக இருந்தால் சாட்பாட் எழுதுவதையோ அதன் நிரலையோ ஆராய்வதில் பயனில்லை, சில்லைத்தான் திறந்து பார்க்கவேண்டும்.